அடுப்பங்கரையும் ஸ்டீம் டேபிளும்

மலர் என்றால் கவிதையும் காதலும்தான் நிறைய வரும். நான் அடுப்பங்கரையைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம்.

எங்கள் ஆலங்குடிப் பக்கம் பல வீடுகளில் சமையல் தனியாக ஒரு கீற்றுக் கொட்டகையில்தான். கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரையைப் பிடித்து 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது 2004 ஜூலை 16-ல். நாம் பிறப்பதற்கு முன்பு. அதன்பின் பள்ளிகளில் கீற்றை அகற்றச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. வீட்டுக் கொட்டகைக்கு யார் உத்தரவு போடுவது? அடுப்புக்கு நேர்மேலே மட்டுமாவது தகரம் போடுவோம் என்றேன். "வெக்கை தாங்குமாடா?" என்றார் அப்பா. தாங்காதுதான். ஆனாலும் போட்டோம்.

அடுத்தது எண்ணெய்ச் சட்டி. புகையக் கண்டதும் அடுப்பை அணைக்கணும். பற்றிக்கொண்டால் எல்லோருக்கும் கை போவது தண்ணீர்க் குடத்துக்கு. அதுதான் வினை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எரிகிற எண்ணெயோ 300 டிகிரிக்கும் மேலே. ஊற்றிய தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய், அங்கேயே ஆவியாகும். நம்ம ஸ்டீம் டேபிளில் பாருங்கள்: 100 டிகிரியில் ஒரு கிலோ நீராவிக்கு 1.673 கன மீட்டர் இடம் வேண்டும். அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லிட்டர் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த எண் இப்படி வீட்டுக்குள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடுங்கள். காற்று இல்லையென்றால் தீ இல்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். ஆகவே மேல் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்கணும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிடணும்.

சிலிண்டர் கைப்பிடியைத் தாங்கும் பட்டையில் 'டி-27' என்பதுபோல் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். டி-27 என்றால் 2027 கடைசிக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனை செய்யணும். தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அந்த நான்கை மட்டும் கரிக்கட்டையால் சுவரில் எழுதிக் காட்டினேன். இப்போது சிலிண்டர் வந்தால் அம்மாதான் முதலில் குனிந்து பார்க்கிறாள்.