முழந்தாளிடுதலும் மானமும்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு நோக்கு

2018ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பதுளைத் தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபர், ஊவா மாகாண முதலமைச்சராகவிருந்த சாமர சம்பத் தசநாயக்கவின் வாசஸ்தலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கு முழந்தாளிடச் செய்யப்பட்டார் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் பேசப்பட்டது. சிபாரிசு செய்யப்பட்ட மாணவி ஒருவரைச் சேர்க்க மறுத்தமையே காரணம் எனக் கூறப்பட்டது. முதலமைச்சர் குற்றச்சாட்டை மறுத்தார். ஆயினும் மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பைத் துறந்தார். கைது செய்யப்பட்டுப் பிணையில் விடுவிக்கப்பட்டார். மனித உரிமைகள் ஆணைக்குழுவும் விசாரணையை ஆரம்பித்தது. இதனைத் தனியொருவரின் கோபதாபமாக மட்டும் கொள்வோமாயின், அதன் சமூகப் பொருளை நாம் தவறவிடுவோம்.

அவமானத்தைத் தண்டனையாக்கும் முறை நமது சமுதாயத்துக்குப் புதியதன்று. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடும் வழக்கம் இன்றும் மரபுத்தொடராக நம் மொழியில் வாழ்கின்றது. இத்தண்டனைக்குச் சிறைக்கூடமோ தூக்குமரமோ வேண்டியதில்லை, பார்வையாளரே வேண்டும். குற்றத்துக்கும் தண்டனைக்குமிடையே அளவேதும் இல்லை, மறுவிசாரணை இல்லை, ஒருமுறை கண்டவர் கண்களிலிருந்து அதனை மீளப்பெறவும் இயலாது. தண்டிக்கப்படுபவர் ஒருவராயினும், பாடம் புகட்டப்படுவோர் சுற்றிநிற்போர் அனைவருமே. எனவே இது நீதியின் கருவி என்பதிலும் அதிகாரத்தின் கருவி என்பதே பொருந்தும்.

மானம் என்ற கருத்தும் வர்க்கச் சார்பற்றதன்று. திருக்குறளில் 97ஆம் அதிகாரமாகிய ‘மானம்’, ‘குடிமை’ என்ற அதிகாரத்தை அடுத்து வைக்கப்பட்டிருத்தல் ஈண்டுக் கருதத்தக்கது. மானம் உயர்குடிப் பிறப்பின் பண்பாகக் கொள்ளப்பட்ட சமுதாயத்தில், குடியற்றவனுக்கு இழப்பதற்கு மானமும் இல்லை என்பதே மறைபொருள். 1948ஆம் ஆண்டின் சர்வதேச மனித உரிமைப் பிரகடனம் மானத்தைப் பிறப்பினின்றும் பிரித்து, மனிதர் யாவர்க்கும் உரியதாக்கியது. கோட்பாட்டளவில் இது பெரும் பாய்ச்சல். நடைமுறையில் நிகழ்ந்தது யாது என்பதே வினா.

தோட்டப்புறத்தின் வரலாறு இதற்கு விடையளிக்கின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையை விட்டகல்வதை மட்டுமன்றி, எசமானிடம் துடுக்காக நடப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பணிவு ஒழுக்கமாக அன்றி, சட்டக் கடமையாகவே விதிக்கப்பட்டது. விடியலில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும்போது, முந்திய நாளின் குறைகளுக்கு அனைவர் முன்னிலையிலும் ஏச்சு வாங்குவது தொழிலாளியின் வாழ்வாயிற்று. அவன் ஏன் வெளியேறவில்லை எனக் கேட்கலாம். கங்காணியிடம் பட்ட கடனும், அக்கடனைச் சுமந்த ‘துண்டு’ முறையும் அவனைப் பிணித்தன. துண்டின்றி வேறு தோட்டம் அவனை ஏற்காது. அவமானத்தைச் சகித்தது இயல்பான அடிமைப்புத்தியால் அன்று. பொருளாதாரக் கட்டினாலேயே ஆகும். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் குடியிருக்கும் லயமும் வேலைதரும் நிருவாகமும் ஒரே கையிலிருந்தமையால் அக்கட்டு முற்றாக அறுபடவில்லை.

1940இல் ஊவாவில் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். லங்கா சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் இயங்கிய சங்கத்தின் கீழ், பதுளை வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கெனக் குழுவொன்றைத் தெரிவுசெய்து, துரை அதனுடன் கலந்தே செயற்படவேண்டிய நிலையை உண்டாக்கினர். அரச ஒடுக்குமுறையால் போராட்டம் நசுக்கப்பட்டது. எனினும், ஏவப்படுவோராக மட்டும் இருந்தவர்கள் நிருவாகத்துக்கு எதிரே நிமிர்ந்து அமர்ந்தமை கூலியுயர்வினும் ஆழமான மாற்றமாகும்.

இன்று சட்டம் என்ன கூறுகின்றது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை மட்டுமன்றி, இழிவான நடத்துகையையும் தண்டனையையும் தடைசெய்கின்றது. 1980இல் இலங்கை இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 7ஆம் உறுப்புரையும் அவ்வாறே. 2005இன் 23ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றக் கசையடியை நீக்கியது. மாணவரொருவரை ஆசிரியர் அறைந்தமை 11ஆம் உறுப்புரையின் மீறலென 2021இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

ஆனால் ஓர் இடைவெளி உண்டு. அடிப்படை உரிமை மனு ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகவே செல்லும். மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துள் தாக்கல் செய்யப்படவும் வேண்டும். முதலமைச்சரின் செயலை அங்கு வினவலாம். ஆனால் 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் முகாமைத்துவம் 1992இல் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபின், மலையில் கொழுந்துக் கூடையை நிறுத்துப் பலர் முன் பெண்ணொருத்தியை இழித்துரைப்பவருக்கு எதிராக அக்கதவு பொதுவாகத் திறப்பதில்லை. தொழில் நியாயமன்றோ பிரதானமாக வேலைநீக்கத்தையே விசாரிக்கும். வேலை போனால் வழக்குண்டு. மானம் போனால் வழக்கில்லை.

பதுளைச் சம்பவத்தில் இன்னொரு முரண்பாடும் உண்டு. முழந்தாளிடுதல் நமது பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு நீண்டகாலம் விதிக்கப்பட்ட தண்டனையே. அதே தண்டனை அதிபரை நோக்கித் திரும்பியபோதுதான் அதன் இழிவு பலருக்குப் புலனாயிற்று. உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கையால் தடைசெய்திருந்தும், ஒழுக்கம் பயிற்றும் வழி அவமானமே என்ற எண்ணம் வகுப்பறையினின்றும் முற்றாக அகலவில்லை. லயத்துப் பிள்ளை பெரட்டுக்களத்தின் பணிவை வகுப்பறையிலேயே முன்கூட்டிப் பயில்கின்றது என்றால் மிகையாகாது.

ஆகவே, அதிபருக்காக எழுந்த கண்டனம் அவருடன் முடிந்துவிடலாகாது. கல்வியும் பதவியும் பெற்றோரின் மானத்துக்கு மட்டும் குரலெழுப்புவது, மானத்தை மீண்டும் குடிப்பிறப்பின் சொத்தாக்குவதேயாம். கூட்டு ஒப்பந்தங்களிலும் தொழிற்சங்கக் கோரிக்கைகளிலும் நாட்சம்பளத்துக்கு அடுத்து, வேலைத்தளத்தில் இழிவுபடுத்தப்படாதிருக்கும் உரிமையும் எழுதப்படல் வேண்டும். லயத்துக் காணியில் உரித்தும் வேலைமாறும் சுதந்திரமும் கிடைக்கும் அளவுக்கே, அவ்வெழுத்து உயிர்பெறும்.