வாயில்லை, மூக்கில்லை... ஆனால் தும்மும்! கடற்பஞ்சு பற்றி இதெல்லாம் தெரியுமா?

சென்னை கொளத்தூரில் எந்த மீன் கடைக்குள் நுழைந்தாலும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் கண்ணில் படும். கறுப்பு நுரைப்பஞ்சு, அதில் ஒரு ஏர் டியூப், மேலே குமிழ் குமிழாகக் காற்று. விலையும் மலிவு. அந்தப் பிளாஸ்டிக் பஞ்சுக்குப் பெயர் கொடுத்த அசல் ஆசாமி ஒருவர் இருக்கிறார். அவருக்கு உயிர் உண்டு! பள்ளிக்கூடத்தில் ‘துளையுடலிகள்’ என்று படித்து, பரீட்சை எழுதி, அன்றைக்கே மறந்துபோனோமே, அவரேதான். கடற்பஞ்சு!

இதை வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து வளர்க்கிறார்கள். வளர்க்கப் பார்த்துத் தோற்றும் போகிறார்கள். ஏன் தோற்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது இந்தப் பிராணியின் முழுக் கதையும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செடி என்று நினைத்தார்கள், தெரியுமா?

நகராது, குரல் கிடையாது, தொட்டாலும் துள்ளாது. பாறையில் ஒட்டிக்கொண்டு கிளை கிளையாக வளரும். பார்த்தவர்கள் பலர் கடற்பாசி வகை என்றே பல காலம் நம்பினார்கள். 1820களில் எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் என்ற விலங்கியல் அறிஞர், கடல்நீர் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு பஞ்சைப் போட்டு நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். அதன் துளையிலிருந்து தண்ணீர் ஊற்றுப்போல் ஓயாமல் பீறிட்டது! உள்ளே ஏதோ வேலை நடக்கிறது என்று தெரிந்துபோனது. அந்த நகரில் கிராண்டுடன் கடற்கரை சுற்றிக் கடல் உயிர்களைப் பொறுக்கிய இளம் மாணவர் யார் தெரியுமா? சார்லஸ் டார்வின்!

ஒரு விரல் பஞ்சு, ஒரு கேன் தண்ணீர்!

உயரம் 10 சென்டிமீட்டர், பருமன் 1 சென்டிமீட்டர். நம் சுட்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். லியூகோனியா என்ற இந்தச் சிறு பஞ்சு ஒரு நாளில் தன் உடல் வழியாக இறைக்கும் தண்ணீர் 22.5 லிட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்களே 20 லிட்டர் கேன், அதைவிட அதிகம்! மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, இதயம்கூட இல்லை. பிறகு எப்படி?

உடலெங்கும் ஊசிமுனைத் துளைகள். அவற்றின் வழியே தண்ணீர் உள்ளே போகிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டி அறைகள். அந்த ஒரு விரல் பஞ்சுக்குள் மட்டும் சுமார் 22 லட்சம் அறைகள்! ஒவ்வோர் அறையின் சுவரிலும் கழுத்துப்பட்டை போட்டதுபோன்ற செல்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சாட்டை. எல்லாச் சாட்டைகளும் இரவு பகலாகச் சுழல்கின்றன. அந்தச் சுழற்சியில் தண்ணீர் நகர, கழுத்துப்பட்டை சல்லடையாக நின்று உணவை வடிகட்டிக்கொள்ள, மிச்சத் தண்ணீர் மேலே உள்ள பெரிய துளை வழியே வெளியேறுகிறது.

தொட்டி பளிச்சென்று இருந்தால் பஞ்சு பட்டினி கிடக்கும்!

இவ்வளவு வடிகட்டுகிற பிராணியைத் தொட்டியில் விட்டால் தண்ணீர் படிகம்போல் ஆகிவிடுமே என்று நீங்கள் நினைப்பீர்கள். தொட்டி வைத்திருப்பவரும் அப்படித்தான் நினைக்கிறார். சிவப்பும் ஆரஞ்சுமாகக் கிளை விரித்த பஞ்சை ஆசையாக வாங்கிவந்து வைக்கிறார். முதல் மாதம் அழகோ அழகு. இரண்டாம் மாதம் நிறம் கொஞ்சம் மங்குகிறது. பிறகு ஓரம் வெளுக்கிறது. ஒருநாள் தொட்டால் கூழ்! தண்ணீர்ப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. என்னதான் நடந்தது?

பட்டினிச் சாவு! பஞ்சின் சாப்பாடு பெரும்பாலும் பாக்டீரியாக்களும், மைக்ரான் கணக்கில் அளக்கவேண்டிய நுண்பாசிகளும்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் மீனுக்குப் போடும் தீவனத் துகள் அதற்கு மலை. குஞ்சு மீன்களுக்குப் போடும் ஆர்ட்டீமியாகூட அதன் துளைக்குள் நுழையாது. தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளையும் பல பஞ்சுகள் உறிஞ்சி வாழ்கின்றன. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? புரோட்டீன் ஸ்கிம்மர் வைத்து அந்தக் கரிமப் பொருளை நுரையாக வெளியே எடுக்கிறோம். புற ஊதா விளக்கு போட்டு மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்கிறோம். மெல்லிய துணிப்பையில் மிச்சத்தையும் வடிகட்டுகிறோம். இலையைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, பரிமாறும் முன்னே சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிடுகிறோம்!

அதனால்தான் அனுபவசாலிகள் நானோகுளோராப்சிஸ் போன்ற 2, 3 மைக்ரான் அளவுள்ள உயிருள்ள நுண்பாசியைத் தினமும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். ஊற்றும் நேரத்தில் ஸ்கிம்மரை அணைத்தும் வைக்கிறார்கள்.

வாங்கியது சாகும், வாங்காதது வளரும்!

வேடிக்கையைக் கேளுங்கள். அதே தொட்டியில், யாரும் காசு கொடுத்து வாங்காத பஞ்சுகள் கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருக்கும்! லைவ் ராக் எனப்படும் உயிர்ப்பாறையின் அடிப்பக்கம், குழாயின் உள்சுவர், தொட்டிக்குக் கீழே இருட்டில் கிடக்கும் சம்ப்... எங்கெல்லாம் நாம் எட்டிப்பார்ப்பதில்லையோ அங்கெல்லாம்! வெள்ளை வெள்ளையாக, நகத்தளவில், தலையில் குட்டிக் கொண்டை வைத்த சைகான் வகைப் பஞ்சுகளுக்கு மீன் வளர்ப்பவர்கள் அன்னாசிப் பஞ்சு என்றே செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். புதுத் தொட்டியில் திடீரென்று நூற்றுக்கணக்கில் முளைக்கும். சில மாதங்களில் தானே குறைந்தும் போகும். பார்த்துப் பயந்து சுரண்டி எறிய வேண்டாம். பாவம், அவை ஒரு தொந்தரவும் தராமல் தண்ணீரைச் சலித்துக்கொண்டிருக்கின்றன.

தும்மலுக்கு அரை மணி நேரம்!

மூக்கு இல்லை. நரம்பு இல்லை. மூளை சுத்தமாக இல்லை. ஆனாலும் தும்முகிறது! கரீபியன் கடலில் வாழும் அப்லிசினா ஆர்ச்செரி என்ற குழாய்ப் பஞ்சைத் தொடர்ந்து படமெடுத்த ஆய்வாளர்கள் 2022இல் இதை வெளியிட்டார்கள். உள்ளே சேர்ந்த அழுக்கைச் சளியில் சுருட்டி, தண்ணீர் நுழையும் அதே சின்னத் துளைகள் வழியாக, உள்ளே வரும் நீரோட்டத்தையே எதிர்த்து வெளியே தள்ளுகிறது. பிறகு உடலை ஒரு சுருக்கு, ஒரு விரிப்பு. ஹச்! ஒரு தும்மலுக்கு 20 முதல் 50 நிமிடம். அந்தச் சளியை அக்கம்பக்கத்து ஜீவன்கள் ருசித்துச் சாப்பிடுவது தனிக் கதை. ஆகவே தொட்டியில் இருக்கும் பஞ்சின் மேல் மெல்லிய அழுக்குத் திரை தெரிந்தால் உடனே பதற வேண்டாம். உங்கள் பஞ்சுக்கு ஜலதோஷமாக இருக்கலாம்!

மீன் தொட்டியிலேயே கண்டுபிடித்த புது இனம்!

புது உயிரினம் தேடி ஆழ்கடலுக்கும் அமேசானுக்கும் போகிறார்கள். ஆனால் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் வில்ஹெல்மா என்ற விலங்குத் தோட்டம் இருக்கிறது. அங்கே காட்சிக்கு வைத்த கடல்நீர்த் தொட்டிக்குள்ளேயே, பட்டாணியைவிடச் சற்றுப் பெரிதாக, வெள்ளை உருண்டையாக ஒரு பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆராய்ந்தால் அது அறிவியலுக்கே புதுசு! 2001இல் டெத்தியா வில்ஹெல்மா என்று அந்தத் தோட்டத்தின் பெயரையே சூட்டினார்கள். எந்தக் கடலிலிருந்து எந்தப் பாறையில் ஒட்டிக்கொண்டு வந்ததோ!

இன்னொரு அதிசயம். இது நகர்கிறது! மில்லிமீட்டர் கணக்கில்தான், ஆனாலும் நகர்கிறது. தசை ஒன்றும் இல்லாமல் உடலைச் சீரான இடைவெளியில் பாதிக்கும் மேலாகச் சுருக்கி விரிக்கிறது. ‘நேற்று இங்கேதானே இருந்தது?’ என்று தொட்டி முன்னால் நின்று தலையைச் சொறிபவர்களே, உங்கள் கண்ணில் கோளாறு இல்லை!

துணியில் பிழிந்தாலும் திரும்பி வரும்!

1907இல் அமெரிக்க விலங்கியலாளர் ஹெச்.வி. வில்சன் செய்த காரியத்தைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். உயிருள்ள சிவப்புப் பஞ்சை மெல்லிய பட்டுத்துணியில் போட்டுப் பிழிந்தார். செல்கள் தனித்தனியாகப் பிரிந்து கிண்ணத்தில் மேகம்போல் விழுந்தன. கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? அந்தச் செல்கள் மெல்ல ஊர்ந்து, ஒன்றையொன்று தேடிப் பிடித்து, ஒட்டி, மீண்டும் ஒரு பஞ்சாக உருவெடுத்தன! இந்தக் குணத்தைத்தான் வளர்ப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். நன்றாக வளர்ந்த பஞ்சைத் தண்ணீருக்குள்ளேயே கூரிய பிளேடால் ஒரு துண்டு நறுக்கி, வேறொரு கல்லில் நைலான் நூலால் கட்டிவைத்தால் துண்டும் பிழைக்கும், தாயும் பிழைக்கும்.

ஒரே ஒரு முறை வெளியே தூக்கினால்?

துணியில் பிழிந்தாலும் சாகாத பிராணிக்குக் காற்றுப் பட்டால் ஆபத்து! ஓதம் வற்றும் பாறைகளில் வாழும் சில இனங்களைத் தவிர, மற்றவற்றைத் தண்ணீருக்கு மேல் தூக்கவே கூடாது என்பது வளர்ப்பவர்களின் முதல் பாடம். தூக்கினால் உள்ளிருக்கும் கால்வாய்களில் காற்றுக்குமிழ் அடைத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் நீரோட்டம் நின்று, செல்கள் சாகத் தொடங்கும். அதனால் கடையிலிருந்து வரும்போது பைக்குள் தண்ணீரோடு வரவேண்டும். தொட்டிக்குள் பையை முக்கி, தண்ணீருக்குள்ளேயே பஞ்சைப் பையிலிருந்து எடுக்கவேண்டும்.

உடம்புக்குள் கண்ணாடி!

பெரும்பாலான பஞ்சுகளின் எலும்புக்கூடு எது தெரியுமா? சிலிக்கா! ஜன்னல் கண்ணாடியின் மூலப்பொருள்! தண்ணீரில் கரைந்த சிலிக்கேட்டை எடுத்து, நுண்ணிய கண்ணாடி முட்களாக வார்க்கின்றன. நாமோ பழுப்புப் பாசி படர்கிறதே என்று ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிச் சிலிக்கேட்டைத் துரத்துகிறோம். சாப்பாட்டுக்கும் நாமே தடை, எலும்புக்கும் நாமே தடை! அன்னாசிப் பஞ்சின் முட்களோ சுண்ணாம்பு. பவளம் வளர்ப்பவர் தொட்டியில் சுண்ணாம்புச் சத்துக்குப் பஞ்சமே இருக்காது.

வெயில் காய்ந்து வயிறு நிரப்பும் பஞ்சு!

சில பஞ்சுகள் தங்கள் திசுவுக்குள் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களைக் குடிவைத்திருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்க, பஞ்சுக்கும் பங்கு கிடைக்கிறது. தட்டையாகப் படரும் லமெல்லோடிசிடியா இப்படிப்பட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தேட வேண்டியது இந்த வகையை. மற்றவற்றுக்கு நிழலும் நல்ல நீரோட்டமும் வேண்டும். வெளிச்சத்தில் வைத்தால் மேலே பாசி படர்ந்து துளைகளை அடைத்துவிடும்.

கண்ணாடி முள்ளையும் மென்று தின்பவர்கள்!

ஏஞ்சல் மீன்களுக்குப் பஞ்சு என்றால் பலகாரம். கரீபியன் கடலின் அழுங்காமைகள் ஏறக்குறைய பஞ்சை மட்டுமே தின்று வாழ்வதாக 1988இல் ஆய்வு ஒன்று காட்டியது. கண்ணாடி முட்களோடு சேர்த்துத்தான்! தொட்டியில் பெரிய ஏஞ்சல் இருந்தால் பஞ்சு வாங்கும் காசில் மீனுக்கு விருந்து வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள்.

விஷம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது!

ஓட முடியாதவனுக்கு வேதியியல்தான் ஆயுதம். டெடானியா இனத்து நெருப்புப் பஞ்சை வெறுங்கையால் தொட்டால் தோல் எரிந்து தடித்துவிடும். கையுறை கட்டாயம்! பெரிய பஞ்சு ஒன்று தொட்டிக்குள்ளேயே செத்து அழுகினால் அம்மோனியா ஏறி மீன்களையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆனால் கடற்பஞ்சுகளிலிருந்துதான் 1950களில் வெர்னர் பெர்க்மன் கண்டறிந்த சேர்மங்கள் சைட்டரபைன் என்ற இரத்தப்புற்று மருந்துக்கு வழிகாட்டின. ஜப்பானியப் பஞ்சில் கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருளை மாதிரியாகக் கொண்டு உருவான எரிபுலின், 2010இல் மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மன்னார் முத்துக்கு எமன்!

நம் மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பியின் ஓட்டையே குடைந்து குடியேறும் கிளியோனா என்ற துளைக்கும் பஞ்சு உண்டு. பவளத்தையும் விடாது. தொட்டிப் பாறையில் சிவப்புப் புள்ளிகள் பவளத்துக்கு அடியில் தோன்றினால் கவனியுங்கள்.

பஞ்சு வளர்க்கும் ஆசைக்காக, ராமேசுவரம் பக்கம் போனோம், ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தோம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அங்கே 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்களும் சுண்ணாம்புப் பஞ்சுகள் அனைத்தும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் ஏறிவிட்டன. எடுத்தால் குற்றம்.

ஆசைப்படுகிறவர்களுக்குக் கடைசியாக நாலு வார்த்தை. தொட்டிக்கு ஆறு மாதமாவது வயதாகட்டும். செம்பு கலந்த மீன் மருந்து அந்தத் தண்ணீரில் விழவே கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வாங்கும் முன் இன்றிரவு ஒரு டார்ச்சை எடுத்து உங்கள் பாறையின் அடியிலும் சம்பின் மூலையிலும் அடித்துப் பாருங்கள். உங்கள் தொட்டியில் பிழைக்கத் தெரிந்த கடற்பஞ்சு ஏற்கெனவே அங்கே இருக்கும்.