சிசுக்களின் பேதியும் தாய்மார் அறியவேண்டியனவும்

1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்ற ஜெர்மானிய வைத்தியர் பச்சிளம் சிசுக்களின் மலத்தில் கண்டறிந்து, பின்னர் அவர் பெயராலேயே எஷரிக்கியா கோலி என வழங்கலான நுண்கிருமி, நம் எல்லோருடைய குடலிலும் பெரும்பாலும் தீங்கின்றிக் குடியிருப்பதுதான். ஆயினும் அக்குலத்திலேயே குழந்தைகளைக் கொல்லும் கிளை ஒன்று உண்டென்பதை, கோடைப்பேதியால் மடிந்த சிசுக்களை ஆராய்ந்த ஜான் பிரே என்பார் 1945-இல் லண்டனில் எடுத்துக்காட்டினார். அக்கிளையின் தந்திரம் விசித்திரமானது. குடற்சுவரில் தான் பற்றவேண்டிய புரதத்தைத் தானே உற்பத்தி செய்து, மெல்லிய குழல் வழியே நம் உயிரணுவுக்குள் செலுத்தி, அது அணுவின் மேற்புறத்தில் வந்து நின்றதும் அதன்மேல் இறுகப் படிந்துகொள்கிறது என்று 1997-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையில் பிரெட் ஃபின்லேயின் குழுவினர் நிரூபித்தபோது, அழையாத விருந்தாளி உட்கார மணையையும் தானே கொண்டுவந்த கதையாக அல்லவா இருந்தது! அவ்விடத்துச் சத்துறிஞ்சும் நுண்விரல்கள் சிதைய, ஜலமும் உப்பும் வீணே வெளியேறுகின்றன.

ரோட்டா வைரஸோ ஷிகெல்லாவோ, காரணம் எதுவாயினும், சிசுவின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது அந்த ஜல நஷ்டமே. குளுக்கோஸும் உப்பும் தக்க விகிதத்தில் சேர்ந்தால் நோயுற்ற குடலும் அவ்விரண்டையும் கூட்டாக ஏற்று, உடன் ஜலத்தையும் இழுத்துக்கொள்ளும். 1971-இல் வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நெருக்கடியில், திலீப் மஹலநபிஸ் என்ற வைத்தியர், ஓ.ஆர்.எஸ். எனப்படும் அத்தகைய கரைசலை உறவினர் கையாலேயே புகட்டச் செய்ய, நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று.

ஆகவே பேதி கண்டதும் தாய்ப்பாலை நிறுத்துவதும், போக்கைக் கட்டும் மாத்திரையைக் கடையில் கேட்டுவாங்கிக் கொடுப்பதும், காரணமறியாமல் ஆன்டிபயாடிக் புகட்டுவதும் அபாயமானவை. மலத்தில் ரத்தம் கண்டாலும், கண்கள் குழிந்து குழந்தை சோர்ந்தாலும், குடிக்க மறுத்தாலும் தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டும். மற்றபடி ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதன்மேல் குறித்த அளவு தண்ணீரில் கரைத்துப் புகட்டி, 14 நாள் துத்தநாக மருந்தும் கொடுத்துவரலாம்; இவ்விரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கவேண்டியவை, கூசாமல் கேட்டுப் பெறுக.

கடையில் வாங்குவோர்க்கு வேறோர் அபாயம் காத்திருந்தது. சர்க்கரை மிகுந்து உப்புக் குறைந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தைப் பெயரோடு ஒட்டிக்கொண்டு விற்பனையாயின. மிகுந்த சர்க்கரையோ குடலுக்குள் ஜலத்தை இழுத்துப் பேதியை வளர்க்குமேயன்றித் தணிக்காது. ஹைதராபாத்தின் குழந்தை வைத்தியர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பின்னர், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை எந்த உணவுப் பானமும் தாங்கலாகாதென்று உத்தரவிட்டது. அதே ஆணையம்தான் 2022-இல், இது அந்தக் கரைசலன்று என ஒரு வரி அச்சிட்டால் போதுமென்று இடங்கொடுத்தது. நள்ளிரவில் அழும் குழந்தையைத் தோளிலிட்டுக் கடைக்கு ஓடுபவர் அந்தப் பொடியெழுத்தை வாசிப்பார் என்று நம்பினார்கள் போலும். இன்னும் அப்பெயரில் பானம் விற்கக் கண்டால், ரசீதையும் உறையையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். நஷ்டஈடு கோரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வோர், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை, வழக்குக் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை.