பிழைகளின் ஜாபிதா

எல்லைக்கு அந்தப்புறம் அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ உள்ள ஒரு பட்டறை, ஓசூர் சிப்காட்டிலுள்ள தொழிற்சாலை ஒன்றுக்கு நூறு ஷாஃப்டுகளை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஷாஃப்டின் விட்டம் மிகுந்திருப்பதைக் கண்டவுடனே, மீதித் தொண்ணூற்றேழையும் தொடாமல் பரிசோதகர் பெட்டியைத் திருப்பிவிட்டால், பட்டறைக்காரர் அந்த ஒன்றை மட்டும் கடைந்து திருத்திக்கொண்டு வருவார். மறுமுறை பதினேழாவது தவறும். லாரி எல்லையைத் தாண்டித் தாண்டி அலைந்துகொண்டேயிருக்கும்.

ஒரு ஜாபிதாவைச் சோதிக்கும் கணிப்பொறி நிரல்கள் பலவும் இவ்விதமே நடக்கின்றன. அது அவற்றின் சுபாவம். அந்தச் சுபாவத்தின் காரணத்தை ஃபங்ஷனல் புரோகிராமிங் என்னும் மார்க்கத்தைப்போல் வேறெதுவும் தெளிவாக விளக்கியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த மார்க்கத்தில் 1990-இல் தோன்றிய ஹாஸ்கெல் மொழியில் பிழை என்பது அபாய மணியன்று. அதுவும் ஒரு மதிப்பே. ‘ஈதர்’ என்ற உறையின் இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் நல்ல விடை. ஆங்கிலத்தில் வலத்துக்கும் சரிக்கும் ஒரே சொல்லாதலால் இந்த வழக்கம் மனத்தில் எளிதில் தங்கும். ஜாபிதாவின் உருப்படிகளைச் சோதித்து ‘டிராவர்ஸ்’ என்ற கருவியால் ஒன்றுசேர்க்கையில், முதல் பிழை வந்தமாத்திரத்தில் காரியம் நின்றுவிடுகிறது. ஏனெனில் ‘மோனாட்’ என்ற அமைப்பை ஒட்டிய இந்த இணைப்பில், அடுத்த படி முந்தின படியின் விடையை எதிர்பார்த்து நிற்கக்கூடும். துளையே போடாத இடத்தில் மரையை எப்படி அளப்பது?

ஆனால் விட்டமும் நீளமும் கடினத்தன்மையும் ஒன்றையொன்று சார்ந்தவையல்ல. கானர் மெக்பிரைட், ராஸ் பேட்டர்சன் ஆகிய இருவரும் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் ‘அப்ளிகேட்டிவ்’ என்று பெயரிட்டு விளக்கிய இணைப்பு, இத்தகைய சுயேச்சையான சோதனைகளுக்கே பொருத்தமானது. ஒரு சோதனையின் விடைக்காக மற்றொன்று காத்திருப்பதில்லையாதலால், இரண்டுமே தவறினாலும் இரு பிழைகளையும் அடுத்தடுத்து ஒட்டி ஒரே ஜாபிதாவாகத் தந்துவிடலாம். பிழைகள் அப்படி ஒட்டத்தக்கவையாக இருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

வேறொரு வழியும் உண்டு. கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலையில் தோத்தாபுரிக் குவியலில் நாலு பழம் அழுகியிருந்தால், அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் கூழாக்குவார்கள். நல்லதையும் கெட்டதையும் இரு ஜாபிதாக்களாகப் பிரித்துத் தரும் ‘பார்ட்டிஷன் ஈதர்ஸ்’ என்ற ஹாஸ்கெல் கருவி செய்வதும் அதுவே. சம்பளப் பட்டியலில் ஒருவரது கணக்கு எண் தவறாயிருப்பதற்காக மற்றவர்கள் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. அங்கே இது உத்தமம். அத்தனை பாகமும் சேர்ந்தால்தான் எந்திரம் ஓடும் என்னும் இடத்திலோ, பிரித்து வைப்பதால் பிரயோஜனமில்லை. நூறையும் அளந்து, எந்த எண்ணில் என்ன குறை என்று ஒரே தாளில் எழுதி, லாரி புறப்படுமுன் டிரைவரின் கையில் கொடுத்துவிட வேண்டும்.