டிமென்ஷியா இல்லம் தேடுகிறீர்களா? கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தது போதும்... மாலை 5 மணிக்கு ஹாலில் அரை மணி நேரம் உட்காருங்கள்!

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ டிமென்ஷியா என்று தெரிந்து நான்கைந்து வருடங்கள் ஆகியிருக்கும். கேஸை அணைக்க மறந்தது, தெருமுனையில் வழி தெரியாமல் நின்றது எல்லாம் பழைய கதையாகி, ராத்திரி முழுக்கத் தூங்காமல் வாசல் கதவைத் தட்டும் கட்டம் வந்திருக்கும். ஹோம் நர்ஸ் மாதத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டிருப்பார். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ முதுகுவலியும் பிரஷரும் வந்திருக்கும். யாரும் முதலில் சொல்லத் தயங்கும் ‘இல்லம்’ என்ற வார்த்தை அப்போதுதான் வீட்டுக்குள் வருகிறது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலானோரை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அது முடியாமல்போகும்போது, குடும்பம் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போவார்கள். மேனேஜர் சுற்றிக் காட்டுவார். ஏசி அறை, லிஃப்ட், சின்னதாக ஒரு தோட்டம், பூஜை அறை. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ போகும். அட்வான்ஸ் கட்டிவிடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே வாழப்போகிறவருக்கு அந்த டைல்ஸ் நாளைக்கு ஞாபகம் இருக்காது. தன்னைக் குளிப்பாட்டுகிறவரின் குரலும், ஊட்டுகிறவரின் அவசரமும்தான் அவருக்கு அந்த இல்லம். எனவே, பார்க்கவேண்டியது அதைத்தான். அதற்கு ஒரு வழியும் இருக்கிறது.

ஒரு பேப்பர், 18 கட்டங்கள்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட் என்ற அறிஞர், டிமென்ஷியா பராமரிப்பு பற்றிய உலகத்தின் பார்வையை மாற்றியவர்களில் ஒருவர். 1997-ல் வெளியான ‘டிமென்ஷியா ரீகன்சிடர்டு’ இவரது புத்தகம். மூளையில் ஏற்படும் சேதம் மட்டுமல்ல, சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதமும் சேர்ந்துதான் ஒருவரின் நிலைமையைத் தீர்மானிக்கிறது என்பது அவரது வாதம். அவரும் சகாக்களும் சேர்ந்து, இல்லங்களை மதிப்பிட ‘டிமென்ஷியா கேர் மேப்பிங்’ என்ற முறையை உருவாக்கினார்கள்.

பயிற்சி பெற்ற ஒருவர் இல்லத்தின் பொது ஹாலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை, தான் கவனிக்கும் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருக்கிறார், முகம் எப்படி இருக்கிறது, பணியாளர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று குறிப்பார். படுக்கையறை, குளியலறைப் பக்கம் போகமாட்டார்.

முறைப்படி இதைச் செய்யப் பயிற்சி வேண்டும். ஆனால், இதன் சாரத்தை நாம் கடன் வாங்கலாம். மேனேஜரிடம் அனுமதி கேட்டு, ஹாலில் அரை மணி நேரம் உட்காருங்கள். செல்போனில் யாரையும் படமெடுக்க வேண்டாம். அவர்கள் வேறு யாருடைய அம்மாவோ அப்பாவோ. அங்கிருப்பவர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். கலகலவென்று பேசுகிறவர் ஒருவர், நடந்துகொண்டே இருப்பவர் ஒருவர், மூலையில் அமைதியாக இருப்பவர் ஒருவர் என்று இருந்தால் நல்லது. ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை மூன்று பேரையும் பார்த்து ஒரு வரி எழுதுங்கள். விழித்திருக்கிறாரா? கையில் ஏதாவது வேலை இருக்கிறதா? இந்த ஐந்து நிமிடத்தில் யாராவது அவரிடம் பேசினார்களா?

அரை மணி நேரத்தில் மூன்று பேருக்கும் சேர்த்து 18 கட்டங்கள் நிரம்பும். பாதிக்கு மேல் ‘சும்மா உட்கார்ந்திருக்கிறார், யாரும் பேசவில்லை’ என்று இருந்தால், பிரமாதமான தோட்டம் இருந்தாலும் யோசியுங்கள். மூலையில் இருந்த அந்த அமைதியான ஆளின் ஆறு கட்டங்களைக் கூடுதல் கவனத்துடன் பாருங்கள். தொந்தரவு செய்யாதவர்களை மறந்துவிடுவது எளிது. நோய் முற்றும்போது பலரும் அமைதியாகிவிடுவார்கள். உங்கள் அம்மாவும் ஒருநாள் அந்த நாற்காலிக்கு வரலாம்.

‘உட்கார அனுமதியில்லை, பார்வையாளர் அறையிலேயே பேசிவிடலாம்’ என்று சொன்னால், காரணத்தைக் கேளுங்கள். மற்றவர்களின் தனியுரிமைக்காக என்றால், சேர்ந்த பிறகு ஹாலில் அம்மாவோடு உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். அதற்கும் மழுப்பலான பதில்தான் என்றால், அடுத்த இல்லத்தைப் பார்க்கலாம்.

ஏன் மாலை 5 மணி?

டிமென்ஷியா உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும். மருத்துவர்கள் இதை ‘சன்டவுனிங்’ என்கிறார்கள். ‘ஸ்கூல் விட்டு பசங்க வந்துருவாங்க, நான் வீட்டுக்குப் போகணும்’ என்று 80 வயதுப் பாட்டி கிளம்புவது இந்த நேரத்தில்தான். பகல் ஷிஃப்ட் ஊழியர்கள் களைத்திருப்பதும், ஷிஃப்ட் மாறுவதும் ஏறக்குறைய இதே நேரம். காலை 11 மணிக்கு எல்லா இல்லமும் நன்றாகத்தான் தெரியும்.

காதில் விழவேண்டியது என்ன?

பணியாளர்கள் கெட்டவர்களாக இல்லாமலேயே, ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தும் பழக்கங்கள் இல்லங்களில் படிந்துவிடுவதை கிட்வுட் பட்டியலிட்டார். நம் ஊர்ப் பேச்சில் அவை இப்படி இருக்கும்:

* ஏமாற்றுவது: ‘உங்க பையன் வெளியே கார்ல நிக்கிறாரு, சாப்பிட்டு முடிங்க, கூட்டிட்டுப் போவாரு.’

* குழந்தையாக்குவது: ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரிடம் ‘சமத்துல்ல, ஆ காட்டு.’

* அவசரப்படுத்துவது: முதல் வாய் விழுங்கும் முன் அடுத்த ஸ்பூன். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு இது ஆபத்தும்கூட. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம்.

* முத்திரை குத்துவது: ‘அந்த டயப்பர் பாட்டி’, ‘3-ம் நம்பர் பெட்.’

* இல்லாததுபோல நடத்துவது: ஒருவருக்கு ஊட்டிக்கொண்டே, அவர் தலைக்கு மேலே இரண்டு பேர் வேறு கதை பேசுவது.

நல்ல இல்லத்தில் கேட்பது வேறாக இருக்கும். பேர் சொல்லியோ, ‘டீச்சரம்மா’ என்றோ கூப்பிடுவார்கள். எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவார்கள். வீல்சேரைத் தள்ளும் முன் ‘போலாமாம்மா?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு நொடி காத்திருப்பார்கள்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் மேனேஜரிடம் கேட்காமல், ஹாலில் வேலை செய்பவரிடம் கேளுங்கள். ‘வீட்டுக்குப் போகணும்னு அழுதா என்ன பண்ணுவீங்க?’ வீடு எங்கே, யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பேச்சுக் கொடுப்போம், கூடவே இரண்டு நடை நடப்போம், காபி கொடுப்போம் என்று சொல்பவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. ‘கதவைப் பூட்டிருவோம்’ என்றாலோ ‘மாத்திரை இருக்கு’ என்றாலோ, அதுவும் உங்களுக்கான பதில்தான்.

கட்டுவதும் தூங்கவைப்பதும்

இதைக் கேட்கத்தான் குடும்பங்கள் அதிகம் கூச்சப்படுகின்றன. வெளிப்படையாகவே கேளுங்கள். ‘கையைக் கட்டுவீர்களா? எந்தச் சூழ்நிலையில்?’

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையங்களில் ஒருவரைக் கட்டிப்போடுவதற்குக் கடுமையான வரம்புகளை வைத்திருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், பொறுப்பில் உள்ள மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் செய்யலாம். காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தனியறையில் அடைத்துவைப்பதற்கு அனுமதியே இல்லை. ஆள் பற்றாக்குறை என்பது ஒருவரைக் கட்டிப்போட எந்த வகையிலும் காரணமாகாது.

அடுத்தது மாத்திரை. பதற்றத்தைக் குறைக்கத் தரப்படும் ஆன்டிசைக்கோடிக் வகை மருந்துகள், டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-ல் எச்சரித்தது. சில நேரங்களில் மருத்துவர் இவற்றைக் குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்துக்குப் பரிந்துரைப்பது உண்டு. எழுதிக்கொடுத்தது யார், எப்போது மறுபரிசீலனை, ஆரம்பிக்கும் முன் வீட்டுக்குச் சொல்வார்களா என்பவைதான் கேள்விகள். பகல் 11 மணிக்கு ஹாலில் பாதிப் பேர் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

இரவும் ரெஜிஸ்டரும்

‘மொத்தம் எத்தனை ஸ்டாஃப்?’ என்ற கேள்வி அதிகம் உதவாது. இரவு 2 மணிக்கு இங்கே எத்தனை பேர் தங்கியிருப்பார்கள், அவர்களுக்காக விழித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்த இரவுப் பணியாளருக்குத் தமிழ் தெரியுமா என்பதும் முக்கியம். டிமென்ஷியாவில், பின்னாளில் கற்ற மொழிகள் முதலில் நழுவும், தாய்மொழி மிஞ்சும். வங்கியில் 30 வருடம் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்ட அப்பாவும் ராத்திரி ‘தண்ணி’ என்றுதான் கேட்பார்.

சில பதிவேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். மற்றவர்களின் பெயரை மறைத்துக் காட்டினால் போதும். மாதாந்தர எடைப் பதிவு முதலில். எடை குறைவதுதான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதற்கான நேரடி அடையாளம். அடுத்து, கீழே விழுந்தவர்கள் பற்றிய பதிவு. ‘இங்கே யாரும் விழுந்ததே இல்லை’ என்பது நம்பக்கூடிய பதில் இல்லை. விழுந்தபோது என்ன செய்தார்கள், பிறகு எதை மாற்றினார்கள் என்று சொல்கிறவர்களை நம்பலாம். படுத்த படுக்கையானவர்களை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறார்கள், படுக்கைப் புண் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் மாதக் கட்டணத்தைத் தாண்டி ஐந்து விஷயங்களைத் தேடுங்கள். இல்லம் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது? டயப்பர், மருந்து, பிசியோதெரபிக்குத் தனிக் கட்டணமா? அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, கூடப் போவது யார்? இறந்துவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வருமா? நோய் முற்றினால், ‘கூட்டிட்டுப் போயிடுங்க’ என்பார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். மிக மோசமான கட்டத்தில் வேறு இல்லம் தேட வைத்துவிடும் அது.

நைட்டியும் பல்செட்டும்

வாழ்நாள் முழுக்கப் புடவை கட்டியவரை, மாற்றுவதற்கு வசதி என்று முதல் நாளே நைட்டிக்கு மாற்றுகிறார்களா? முடியைக் குட்டையாக வெட்டிவிடுவார்களா, கேட்டுவிட்டுத்தானா? கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்கிறதா? காதில் கருவி இல்லாதவரை ‘எதையும் புரிஞ்சிக்கிறதில்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம்.

சேர்த்த பிறகு...

ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அம்மாவை எப்படிக் கூப்பிட வேண்டும், காபியில் எவ்வளவு சர்க்கரை, எந்தப் பாட்டுக்குத் தாளம் போடுவார், எதற்குப் பயப்படுவார், என்ன வேலை பார்த்தார் என்று. அவருடைய தலையணை, போர்வை, டம்ளர் கூடவே போகட்டும். வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். திடீரென்று குழப்பமோ தூக்கமோ அதிகமானால், ‘நோய் முத்திடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். விளக்கமில்லாத காயம் தெரிந்தால் எழுத்தில் பதில் கேளுங்கள்.

வழிகாட்டுதலுக்கு, 1992-ல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.டி.எஸ்.ஐ என்ற டிமென்ஷியா சங்கமும், சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பின் ‘டெம்கேர்ஸ்’ பிரிவும் இருக்கின்றன. முதியோர் மீதான கொடுமை, புறக்கணிப்பு குறித்துப் பேச 14567 என்ற தேசிய முதியோர் உதவி எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கும் இல்லம் அமையாது. பழைய கட்டடம், ஆனால் அன்பான பேச்சு. நல்ல நர்ஸ், ஆனால் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம் என்று எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதை ஒருவரே தனியாகச் சுமக்க வேண்டாம். இரண்டு இல்லங்களில் உட்கார்ந்து எழுதிய அந்த இரண்டு பேப்பர்களையும் அண்ணன், தம்பி, அக்கா எல்லோருக்கும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் வீடியோவில் வந்த தோட்டத்தைப் பற்றிப் பேசுவதைவிட, அந்த 36 கட்டங்களைப் பற்றிப் பேசினால் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வரலாம்.