துண்டும் இகாமாவும்

என்னிடம் படிக்கும் பிள்ளையொன்றின் தாய் ஒருநாள் பாடசாலை வாசலில் காத்து நின்றார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய இரண்டு தாள்கள். “டீச்சர், நீங்க முஸ்லிம்தானே, அரபு தெரியுந்தானே? இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார். வாங்கிப் பார்த்தேன். சிறுவயது முதல் ஓதிப் பழகிய எழுத்துக்கள்தான். ஜபர், ஜேர் இல்லாததால் தட்டுத் தடுமாறி வாசித்தேன். பொருள் பிடிபடவில்லை. ‘கபீல்’ என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. “பொருள் தெரிஞ்ச மௌலவி ஒருத்தர்கிட்ட காட்டுவோம், அதுக்கு முந்தி கையெழுத்து வச்சிராதீங்க அக்கா” என்றேன். “அது போட்டாச்சே டீச்சர்” என்றார்.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் வீட்டு வேலைக்காக வளைகுடா போன ஒருத்தியாவது இல்லாத லயத்தைக் காண்பது கடினம். பெரட்டுக் களத்தில் நின்று, குறித்த கிலோ கொழுந்து குறைந்தால் அரைப்பேரோடு திரும்பும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்பது பெரிய சொல். அதனால்தான் போகிறார்கள். போன இடத்தில் அவர்களைக் கட்டிவைப்பது எது என்பதை விளங்கிக்கொள்ள, மலையகத்தின் பழைய கதை ஒன்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. அவர் அந்நியரல்ல; ஊர்க்காரர், பல வேளை உறவுக்காரர். முன்பணம் கொடுத்தார். அந்த முன்பணமும் வழிச்செலவும் தோட்டத்திற்கு வந்து சேருமுன்பே கடனாகிவிட்டன. 1900களின் தொடக்கத்தில் எந்தத் தோட்டத்து ஆள் என்பதைக் காட்டும் தகர டிக்கட்டும் வந்தது. தோட்டம் மாற நினைத்தால் ‘துண்டு’ வேண்டும். கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்க்கும். கடன் மட்டும் ஆளோடு கூடவே போகும். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. சம்பளத் தகராறு குற்றமாக மாறிய இடம் இதுதான். துண்டு முறை 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

இப்போது கபாலா முறையைப் பாருங்கள். பணிப்பெண்ணின் விசா ஒரு தனி ஆளின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அவர்தான் கபீல். வதிவிட அனுமதியான இகாமாவை எடுப்பதும் புதுப்பிப்பதும் அவர் கையில். அவர் சம்மதமின்றி வேறு வீட்டுக்கு மாறுவது கடினம். அடி தாங்காமலோ சம்பளம் கிடைக்காமலோ வீட்டை விட்டு வெளியேறினால், ‘ஹுரூப்’, அதாவது ஓடிப்போனவள் என்று அவர் முறைப்பாடு செய்யலாம். அந்த நிமிடமே அவள் சட்டவிரோதி. இங்கே ஏஜென்சிக்காரர் புறப்படுமுன் கையில் கொடுக்கும் பணமும் அப்படித்தான். இடையில் திரும்பி வந்தால் அதே பணம் கடனாகக் கேட்கப்படுகிறது. கங்காணியின் முன்பணத்திற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

சட்டங்கள் மாறாமலில்லை. குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரத்திற்கு மேற்படாத வேலையும் வாரத்தில் ஒருநாள் ஓய்வும் தந்தது. கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதையும் தடுத்தது. கட்டார் 2020இல் அனுமதியின்றி வேலை மாறவும் நாட்டை விட்டு வெளியேறவும் வழி செய்தது. ஆனால் சட்டம் வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறது. உள்ளே இருப்பவளுக்கு அந்தச் சட்டத்தை வாசிக்க மொழி இல்லை.

‘நம்ம பிள்ளைகள் முஸ்லிம்கள், முஸ்லிம் நாட்டுக்குத்தான் போறாங்க’ என்று நம்மில் சிலர் ஆறுதல் சொல்லிக்கொள்வதுண்டு. மூதூர் ரிசானா நபீக்கை நினைத்துக்கொள்ளட்டும். பிறப்புச் சான்றிதழின்படி 17 வயது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில், அவள் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. அவள் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் தகுதி பற்றிக் கடைசிவரை கேள்வி இருந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. மார்க்கம் ஒன்றாக இருந்ததால் அவளுக்கு மொழி கிடைக்கவில்லை.

‘கபாலா’ நமக்கு அந்நியமான சொல்லல்ல. பொறுப்பேற்றல், பிணைநிற்றல் என்பதே அதன் பொருள். மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்றதைச் சொல்லும்போது குர்ஆன் ஆளும் சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததே. அநாதையைப் பராமரிப்பவரையும் கபீல் என்கிறோம். பாதுகாப்பதற்கான சொல் பூட்டி வைப்பதற்கான சொல்லாகிப் போனதை முதலில் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம்தான். கூலியைத் தாமதிக்காதீர் என்ற நபிமொழியை மேடையில் சொல்வதோடு நமது கடமை தீராது.

செய்யக்கூடியவை சிறியவைதான். கையெழுத்து வைக்குமுன் ஒப்பந்தம் தமிழில் வாசித்துச் சொல்லப்பட வேண்டும். பஸாரில் பள்ளிவாசல் இருக்கிறது, அரபு விளங்கிய ஆலிம்கள் இருக்கிறார்கள். ஞாயிறு காலையில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போதும். யார் எந்த மதம் என்று கேட்கத் தேவையில்லை. கடவுச்சீட்டு, ஒப்பந்தம், கபீலின் விலாசம் இவற்றின் பிரதி வீட்டில் இருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு நடந்ததா என்று பார்க்க வேண்டும். அதன் 1989 என்ற தொலைபேசி இலக்கம் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்சிக்காரர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களிடம் வயதையும் கடனையும் பற்றி நாமே முகத்துக்கு நேரே கேட்க வேண்டும்.

அந்தத் தாய் அடுத்த வாரமே புறப்பட்டுப் போனார். தாள்களின் போட்டோ பிரதி ஒன்று மட்டும் மகளிடம் இருக்கிறது. அதை மௌலவி ஒருவரிடம் கொண்டுபோய் வாசிக்க வைத்தேன். வேலை நேரம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை என்றார்.