ஒன்றேகால் பவுன் ஈயம்

கடலோரக் கணக்குகள் – 17

வீராம்பட்டினம் கரையிலிருந்து தெற்கே போனால் சுண்ணாம்பாற்று முகத்துவாரம், நல்லவாடு, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம், அப்புறம் பெண்ணையாறு. அதைத் தாண்டினால் தாழங்குடா, தேவனாம்பட்டினம். மொத்தம் இருபது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். 1748 ஆகஸ்டில் ஆங்கிலத் தளபதி பொஸ்காவன் அங்கிருந்து வடக்கே படை நடத்தி வந்து, அரியாங்குப்பம் கோட்டையில் நாள்களைத் தொலைத்து, புதுச்சேரியைப் பிடிக்க முடியாமல் அக்டோபர் மழையில் திரும்பிப் போன கதையைச் சென்ற வாரம் சொன்னேன்.

இரண்டு ஆண்டு கழித்து, 1750இல், தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக வந்து இறங்கினார் பெஞ்சமின் ராபின்ஸ். கோட்டைச் சுவர்களைச் சீர்செய்ய வந்தவர் என்று ஒரு வரியில் அவரை முடித்துவிடலாம். ஆனால் இன்று உலகில் எங்காவது ஒருவர் 1,000 கெஜத்துக்கு அப்பால் இருக்கும் பலகையைக் குறிவைத்துப் படுத்துக்கொண்டு, ‘எத்தனை கிரெய்ன் குண்டு போடலாம்?’ என்று யோசிக்கிறார் என்றால், அந்த யோசனை ராபின்ஸிடம் தொடங்கியது.

ராபின்ஸுக்கு முன்னால் குண்டின் பாதையை வரைந்தவர்களில் பெரும்பாலோர் காற்றை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. கலிலியோ வரைந்த அழகான வளைகோடு போதும் என்றிருந்தார்கள். ராபின்ஸ் ஒரு கனத்த பலகையை ஊசல்போலத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். பலகை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று அளந்து குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். பிறகு துப்பாக்கியைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டு, வழியில் காற்று எவ்வளவு வேகத்தைத் தின்றுவிட்டது என்று கணக்கெடுத்தார். முக்கால் அங்குல மஸ்கட் உருண்டை குழலைவிட்டு வெளியேறும் வேகத்தில், காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் விசை அந்த உருண்டையின் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. 1742இல் இதைப் புத்தகமாக்கினார். மூன்று ஆண்டில் மாபெரும் கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, தன் உரையையும் சேர்த்து வெளியிட்டார். ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் காற்றின் எதிர்ப்பு திடீரென்று எகிறுகிறது என்பதையும் ராபின்ஸ் கவனித்திருந்தார். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி போட்டிக்கு வருவோம். நெடுந்தூரப் போட்டி என்றால் பொதுவாக 800, 900, 1,000 கெஜம். 1876இல் அமெரிக்காவின் கிரீட்மூரில் தொடங்கிய பால்மா போட்டியின் தூரங்கள் இவை. ரைஃபிள் போட்டிகளில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு: இங்கிலாந்தில் காலனி நாடுகளின் அணிகளுக்காக 1871இல் தொடங்கிய கோலாப்பூர் கோப்பை, கோலாப்பூர் ராஜா கொடுத்தது. பிஸ்லி மைதானத்தில் இன்றும் அதற்காகச் சுடுகிறார்கள்.

குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வது வழக்கம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். பால்மா வகையில் .308 ரைஃபிளுக்கு 156 கிரெய்னுக்குக் குறைவான குண்டுதான் போட வேண்டும் என்பது விதி. எல்லோரும் 155 போடுகிறார்கள். பத்து கிராம், அதாவது ஒன்றேகால் பவுன் தங்கத்தின் எடை. எஃப்-டிஆர் என்ற வகையில் ரைஃபிளை முன்னால் இருகால் தாங்கியில் வைத்துச் சுடலாம். அங்கே குண்டின் எடைக்குத் தடையில்லை. தடையை எடுத்தவுடன் சுடுபவர்கள் 185, 200 கிரெய்ன் என்று மேலே போய்விட்டார்கள்.

ஏன்? கனமான குண்டு குழலைவிட்டு மெதுவாகத்தானே கிளம்பும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீராம்பட்டினம் மணலில் வடக்குத் தெற்காக 1,000 கெஜத்துக்கு, அதாவது 914 மீட்டருக்கு, ஒரு கோடு இழுங்கள். (அங்கே யாரும் சுடப்போவதில்லை. வலை காயவைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம்.) பிற்பகல் கடற்காற்று கோட்டுக்குக் குறுக்கே, மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 155 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,950 அடி வேகத்தில் கிளம்புகிறது. 200 கிரெய்ன் குண்டு 2,650 அடியில். வேடிக்கை என்னவென்றால், கோட்டின் மறுமுனைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒன்றரை நொடியில், போய்ச் சேர்கின்றன. ஆனால் இலேசான குண்டு இரண்டு மீட்டருக்கு மேல் ஒதுங்கியிருக்கும். கனமானது சுமார் 1.6 மீட்டர்தான்.

ஒரே நேரம் பறந்தும் ஒதுக்கம் ஏன் வேறுபடுகிறது? பறக்கும் நேரம் முழுவதும் காற்று குண்டைத் தள்ளிக்கொண்டே போகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், காற்றே இல்லாத வெளியில் அந்தக் குண்டு எவ்வளவு நேரத்தில் போயிருக்கும், இப்போது எவ்வளவு நேரத்தில் போனது என்று பாருங்கள். அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் ஒதுக்கம் வந்துவிடும். இலேசான குண்டு வேகமாகக் கிளம்பி, அந்த வேகத்தைக் காற்றுக்கே வாரிக் கொடுத்துவிடுகிறது. தாமதம் அரை நொடியை நெருங்குகிறது. கனமானது கிளம்பிய வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ அரை மீட்டர். அமெரிக்க நெடுந்தூரப் பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 20 அங்குலம், அதாவது அரை மீட்டர்தான்.

அப்படியானால் கனம் கூடக்கூட நல்லதா? அங்கேதான் எனக்கு எடை என்ற பேச்சின்மீதே சந்தேகம் வருகிறது. குண்டின் விட்டம் மாறாதபோது எடை கூடினால் நீளம் கூடுகிறது. காற்றைக் கிழிப்பது அந்த நீளமும் கூர்மையும் வால் பக்கத்துச் சரிவும்தான். இதற்குச் சியரா நிறுவனத்தின் 168 கிரெய்ன் குண்டைவிட நல்ல சாட்சி கிடையாது. 300 மீட்டர் போட்டிக்கென்று பிறந்த குண்டு அது. அந்தத் தூரத்தில் அதன் பெயர் பெரிய பெயர். ஆனால் 1,000 கெஜத்துக்குப் போகும் வழியில், ஒலியின் வேகத்துக்கு இறங்கும்போது, செங்குத்தான வால் சரிவு காரணமாகத் தடுமாறுகிறது. ராபின்ஸ் பார்த்த அதே எல்லை. அதைவிட 13 கிரெய்ன் இலேசான பால்மா குண்டு, 1992இல் அமெரிக்காவின் ராட்டன் மைதானத்துப் போட்டிக்காக வடிவமைக்கப்பட்டது, அதே தூரத்தை ஒலியைவிட வேகமாகவே கடந்துவிடுகிறது. தராசை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இது விளங்கவே விளங்காது.

50 மீட்டர் .22 ரைஃபிள்காரர்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, 40 கிரெய்ன் குண்டை ஒலிக்குக் கீழே உள்ள வேகத்திலேயே சுடுகிறார்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் எடைப் பேச்சு இன்னும் குறைவு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது அந்தப் பிரிவில்தான். அதில் சுடும் 4.5 மி.மீ. குண்டு அரை கிராம். அறைக்குள்ளே காற்று ஏது? ராபின்ஸ் ஜுரத்தில் இறந்த ஊர்ப் பக்கத்துப் பெண், குறுக்குக் காற்றே இல்லாத விளையாட்டில் சாதித்தது எனக்குப் பிடித்த தற்செயல்.

கனத்துக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பின்னுதைப்பு ஏறும். தாங்கியில் வைத்துச் சுடுபவர் சமாளிப்பார். தோள்வாரை இறுக்கிக்கொண்டு, முழங்கையை ஊன்றி, ஒரு நாளில் பல சுற்றுச் சுடும் பால்மாக்காரருக்குக் கடைசிச் சுற்றில் அது தெரியும். அடுத்தது புரி. நீளமான குண்டு தலை சாயாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். குழலின் உள்ளே வெட்டியிருக்கும் புரிகள் முட்டை வடிவக் குண்டுக்கும் உதவும் என்று ராபின்ஸ் 1747இல் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். எவ்வளவு சுழற்சி என்ற சூத்திரத்தை 1879இல் கொடுத்தவர் கிரீன்ஹில். அதில் விட்டமும் நீளமும்தான் இருக்கின்றன. 155 கிரெய்னுக்கு 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரி போதும். 200 கிரெய்னுக்கு 10 அங்குலம் வேண்டும். ஆகவே எடையைத் தேர்ந்தெடுப்பது தோட்டா வாங்கும் நாளில் நடப்பதில்லை. குழலுக்கு ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பிறகு மனம் மாறினால் புதுக் குழல்தான்.

ராபின்ஸ் தேவனாம்பட்டினத்தில் ஓராண்டுதான் இருந்தார். 1751 ஜூலை 29 அன்று காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார், வயது 44. அவர் பலப்படுத்த வந்த கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். அந்த முற்றுகையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)